சொர்க்கவாசல் திறந்தது, பாலம் திறக்கவில்லை

ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவரிடம் திருச்சியில் எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் பதில் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "பாலத்தைத் தாண்டினா…" ஆஸ்பத்திரி, பாலத்தைத் தாண்டினால். நகைக்கடை, பாலத்தைத் தாண்டினால். காந்தி மார்க்கெட், கலெக்டர் ஆபீஸ், ஜங்ஷன், விமான நிலையம், அமெரிக்கா எல்லாமே பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் நாங்கள். பூகோளப் பாடப்படி இது தீவு. ஆனால் தீவில் வசிக்கிறோம் என்ற நினைப்பு எங்களில் யாருக்கும் வந்ததில்லை. மாம்பழச்சாலையில் ஏறினால் சிந்தாமணி அண்ணா சிலையில் இறக்கிவிடும் பாலம் ஒன்று இருந்தவரைக்கும், காவிரி எங்களுக்கு ஜன்னலோர சீட்டில் இரண்டு நிமிடம் காற்று வருகிற இடம், அவ்வளவுதான்.

2022 செப்டம்பரில் அந்தப் பாலத்தில் பராமரிப்பு வேலை என்று போக்குவரத்தை நிறுத்தினார்கள். அன்றைக்குத்தான் எங்கள் வீதிகளில் பலர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல்முறையாக வரைபடம் பார்த்தார்கள்.

பாலம் 1976இல் திறக்கப்பட்டது. மூடும்போது வயது 46. நீளம் அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேலே வண்டி ஓடும் தளத்துக்கும் கீழே நிற்கும் தூணுக்கும் நடுவில் பேரிங் என்று ஒன்று வைத்திருப்பார்கள். வெயிலில் தளம் நீளும், மார்கழியில் சுருங்கும், லாரி போனால் அதிரும். இந்தச் சங்கடம் எதையும் தூணின் தலையில் ஏற்றாமல் தானே வாங்கிக்கொள்வது பேரிங்கின் வேலை. நீளவும் சுருங்கவும் இடம் வேண்டும் என்பதால் தளத்தையும் ஒரே பலகையாகப் போடுவதில்லை. துண்டு துண்டாக, நடுவில் இடைவெளி விட்டுப் போடுவார்கள். அந்த இடைவெளியில் வரும் இணைப்புக்கு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் என்று பெயர். எங்கள் பாலத்தில் இந்த இணைப்புகள் தேய்ந்து பள்ளமாகி, கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை இணைப்புக்கு ஒரு தடவை கூரைவரை அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய ஏழு கோடி ரூபாய்ச் செலவில் பேரிங்கையும் இணைப்பையும் மாற்றுவதாகத் திட்டம். அதற்குத் தளத்தை ஜாக்கி கொடுத்துத் தூக்க வேண்டும். ஜாக்கி மேல் நிற்கும் தளத்தில் எங்கள் ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ்ஸை விட முடியாது.

இவ்வளவு பொறியியலையும் எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"எனக்கு மாத்தினாளே, அதே முட்டிதான் பாலத்துக்கும் மாத்தறா. ஆறு மாசம் பாரம் தாங்கப்படாது."

அதற்குப் பிறகு பாலத்தைப் பற்றி மாமி சொன்னதுதான் தெருவில் செல்லுபடியானது. பத்திரிகையில் வந்த செய்தியைக்கூட மாமியிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டுதான் நம்பினோம். ஏனென்றால் ஒப்பந்தக்காரருக்குப் பாலம் தெரியும், மாமிக்கு வலி தெரியும்.

பாலத்தை மூடுவதற்கு எங்கள் ஊரில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. காரணம் உண்டு. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டபோது, 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றோடு போயிற்று. போக்குவரத்து அதற்கு முன்பே பக்கத்திலிருந்த புதுப் பாலத்துக்கு மாறியிருந்ததால் நாங்கள் பிழைத்தோம். அதைப் பார்த்த ஊருக்கு, "பாலத்துக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. "நன்றாகப் பாருங்கள், அவசரமில்லை" என்று பெருந்தன்மையாகச் சொன்னோம். அந்தப் பெருந்தன்மை மறுநாள் காலை எட்டரை மணிவரை நீடித்தது.

முதல் கட்டத்தில் கார், பஸ், லாரி ஆகியவற்றுக்குத்தான் தடை. இரு சக்கர வண்டிகள் பாலத்தில் போகலாம். இந்த ஒரு விதி எங்கள் ஊரின் சமூக அமைப்பைத் தலைகீழாக்கியது. கார் வைத்திருப்பவர் ஏழையானார். ஸ்கூட்டர் வைத்திருப்பவர் பணக்காரரானார். சைக்கிள் வைத்திருப்பவர் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு தொழிலதிபர். அவருடைய வெள்ளைக் கார் வெளியே வந்தால் தெருவில் மற்ற வண்டிகள் வீட்டுக்குள் போய்விடும், அத்தனை பெரிது. பாலம் மூடிய முதல் வாரத்தில் அவர் காவலாளியின் டிவிஎஸ் எக்ஸெல் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பெட்ரோல் நான் போட்டுடறேன். ஒரு பத்து நாளைக்கு…"

"தரேன் சார். முன்னாடி சிலிண்டர் வெச்சிருப்பேன், பாத்து ஓட்டுங்க. அப்புறம், ஹாரன் அடிக்காது. நீங்கதான் குரல் குடுக்கணும்."

தில்லை நகரில் இருக்கும் தம் அலுவலகத்துக்குக் கழுத்துப் பட்டையோடு, "ஓரமா போப்பா, ஓரமா போப்பா" என்று கத்திக்கொண்டே போன முதல் நிர்வாக இயக்குநர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மகள் ஸ்கூட்டி வாங்கியதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். "பொண்ணுக்கு எதுக்கு வண்டி, பாலத்துல காத்து தூக்கிடும்" என்பது அவர் கட்சி. இப்போது மருத்துவரைப் பார்க்க அதே ஸ்கூட்டியின் பின்சீட்டில், ஒரு கையில் எக்ஸ்ரே கவரும் மறு கையில் மகளின் தோள்பையுமாக உட்கார்ந்து போனார். பாலம் ஏறும்போது, "மெதுவாப் போம்மா" என்பார். பாலத்தில் பாதி வந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். "என்னம்மா இவ்வளவு மெதுவா ஓட்டறே? டோக்கன் போயிடப் போறது" என்பார். பெண்களுக்கு வண்டி எதற்கு என்ற கட்சி அந்த மாதமே எங்கள் தெருவில் கலைந்துபோனது.

பழைய ஸ்கூட்டர்களுக்கு மறுபிறவி கிடைத்தது. கொல்லையில் துணி உலர்த்த மட்டும் பயன்பட்டுவந்த பஜாஜ் சேத்தக்குகள் மெக்கானிக் கடை வாசலில் வரிசையாக வந்து நின்றன. ஒருபக்கம் சாய்த்து, உதைத்து, மறுபடி சாய்த்து, மறுபடி உதைத்துக் கிளப்புகிற கலை தெரிந்தவர்கள் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே. அதனால் வேலைக்குப் போகிற பேரன்களைக் கிளப்பி அனுப்புவதற்காகத் தாத்தாக்கள் காலையில் தெருவில் இறங்கினார்கள். குடும்பத்தில் தமக்கு ஒரு வேலை கிடைத்துவிட்ட மிடுக்கு அவர்கள் நடையில் தெரிந்தது.

இந்தப் பொற்காலம் நவம்பரில் முடிந்தது. வேலை முற்றியதால் இரு சக்கர வண்டிகளுக்கும் தடை வந்தது. எக்ஸெல்லும் சேத்தக்கும் வெள்ளைக் காரும் ஒரே வரிசையில் நின்றன. தேர்தல் அறிக்கைகள் எழுதி எழுதிப் பார்த்த சமத்துவத்தை நாலு இரும்புத் தடுப்புகள் ஒரே ராத்திரியில் கொண்டுவந்துவிட்டன.

இனி மாற்றுப்பாதைதான். திருச்சியை அறியாதவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தெற்கே இருக்கும் சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டுமானால், முதலில் சத்திரத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். திருவானைக்காவல் பக்கமாகப் போய்ச் சென்னை தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். அந்தச் சாலையின் பாலத்தில் காவிரியைக் கடந்து, சஞ்சீவி நகர் சந்திப்பில் காத்திருந்து, திரும்பி, ஓயாமாரி வழியாக ஆற்றங்கரையோடு வந்து அண்ணா சிலையைச் சேர வேண்டும். அரைக் கிலோமீட்டர் பாலத்துக்குப் பதில் ஆறு ஏழு கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் வெளியூர் லாரிகளுக்கு நடுவே டவுன் பஸ் புகுந்தபோது, வெற்றிலைக்கட்டோடு முன்சீட்டில் இருந்த ஒரு பாட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்பா, இது சத்திரம் போற பஸ்தானே?"

"சத்திரம்தான் பாட்டி. கொஞ்சம் சுத்திப் போகும்."

"எவ்வளவு சுத்தி? மெட்ராஸ் போயிட்டா?"

கண்டக்டர் பதில் சொல்லவில்லை. சஞ்சீவி நகர் சந்திப்பில் பஸ் நின்ற நேரத்தை வைத்துப் பார்த்தால், பாட்டியின் கணக்கு பெரிய பிழையில்லை.

சஞ்சீவி நகரையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து வருவது ஓயாமாரி. திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அது எங்கள் ஊர்ச் சுடுகாடு. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அதுவும் படுத்துக்கொண்டு, பிறர் செலவில் போவதாக எல்லோரும் நினைத்திருந்த பாதை. அதில் நாங்கள் தினமும் இரண்டு வேளை, உட்கார்ந்தும் நின்றும் படியில் தொங்கியும், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போய்வந்தோம். நெரிசல் சரியாக அங்கேதான் பிடித்துக்கொள்ளும். வேறு எங்கேயாவது நின்றால் செல்போனைப் பார்க்கலாம். அங்கே நின்றால் வாழ்க்கையைத்தான் பார்க்க முடிந்தது. சம்பள உயர்வு கேட்டே தீருவது என்று வீட்டில் சபதம் செய்துவிட்டுக் கிளம்பியவர்கள், ஓயாமாரியில் இருபது நிமிடம் நின்றதும், "எல்லாம் எதுக்கு?" என்ற மனநிலையில் அலுவலகம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் திருச்சி முதலாளிகளுக்கு எவ்வளவு மிச்சமானது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

உண்மையில், வழியில் சிக்கிக்கொள்வது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஊர் உண்டானதே அப்படித்தான். அயோத்தியிலிருந்து ரங்கநாதரை இலங்கைக்கு எடுத்துப்போன விபீஷணன், வழியில் காவிரிக்கரையில் விமானத்தைக் கீழே இறக்கினான். திரும்பத் தூக்கப் பார்த்தபோது அது அசையவில்லை என்கிறது தலபுராணம். ஆக, பயணம் பாதியில் நின்றுபோனதால் ஏற்பட்ட ஊர் ஸ்ரீரங்கம். பெருமாளே இலங்கை போய்ச் சேராத இடத்தில், நாங்கள் ஒன்பதரைக்குள் தில்லை நகர் போய்ச் சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகப்படிதான்.

அக்கரையில் இருக்கும் மலைக்கோட்டையின் கதை இன்னும் பொருத்தம். பிரசவ வேதனையில் இருந்த ரத்னாவதிக்குத் துணையாக அவளுடைய அம்மா புறப்பட்டு வந்தாள். காவிரியில் வெள்ளம், அம்மா அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இறைவனே அம்மா உருவில் போய்ப் பிரசவம் பார்த்தார். தாயுமானவர் என்ற பெயர் அப்படி வந்தது. ஆற்றைக் கடக்க முடியாமல் ஒருவர் தாமதமானதற்குக் கோயில் எழுப்பிய ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? இந்தக் கதையை எங்கள் அலுவலக மேலாளரிடம் ஒருமுறை சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அந்தம்மாவுக்குப் பதிலா கடவுள் வந்து வேலையை முடிச்சுக் குடுத்தார். உங்களுக்குப் பதிலா யார் வந்தா?" என்றார்.

கோடையாக இருந்திருந்தால் ஆற்றில் இறங்கியே நடந்திருப்போம். பங்குனி, சித்திரையில் இங்கே காவிரி என்பது பெரும்பாலும் மணல்தான். ஆனால் அந்த ஆண்டு வழக்கமான ஜூன் 12க்குக் காத்திராமல் மே 24ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்திருந்தார்கள். நாங்கள் பாலம் இல்லாமல் தவித்த மாதங்களில் காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போயிற்று. மற்ற வருடங்களில், "தண்ணீரே வரலியே" என்று பாலத்தில் நின்று பெருமூச்சு விடுகிறவர்கள், இந்த வருடம் கரையில் நின்று, "இப்பப் பார்த்தா வரணும்?" என்றார்கள். ஐப்பசி மாதம் அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து யானை மேல் தங்கக்குடத்தில் பெருமாளுக்குத் தீர்த்தம் போகிற வழக்கம் உண்டு. ஊரில் வழி மாறாமல், ஹாரன் அடிக்காமல், நேரத்துக்கு வேலைக்குப் போனது கோயில் யானை ஒன்றுதான்.

மாற்றுப்பாதையில் நம்பிக்கை இழந்த சிலர் ரயிலைக் கண்டுபிடித்தார்கள். ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த நிறுத்தம் திருச்சி டவுன். நடுவில் காவிரி ரயில் பாலம். கடக்க ஆவது சில நிமிடம். பிரச்சினை ஒன்றுதான்: அந்தச் சில நிமிடத்துக்காக ரயில் வர வேண்டும். விழுப்புரம் பக்கமிருந்து இரவெல்லாம் தூங்கி வழிந்துகொண்டு வந்தவர்கள், ஸ்ரீரங்கத்தில் டிபன் கேரியரோடு ஒரு கூட்டம் ஏறி, உட்காராமல், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடுவதைப் பார்த்துக் குழம்பினார்கள். டவுன் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் சொன்ன தொகைக்கு ரயிலில் விழுப்புரத்துக்கே போயிருக்கலாம்.

பஸ்ஸில் போனவர்கள் வேறு வகையில் பழகினார்கள். பயணம் நீண்டதால் பயண நேரத்துக்கு என்று தனி வாழ்க்கை உண்டாயிற்று. சீட்டு கிடைத்த பெண்கள் சஞ்சீவி நகருக்குள் முருங்கைக்கீரை ஆய்ந்து முடித்தார்கள். கல்லூரிப் பெண்கள் செமஸ்டருக்குப் படித்தார்கள். அந்த ஆண்டு யாருக்காவது மதிப்பெண் கூடியிருந்தால் அதில் நெடுஞ்சாலைத் துறைக்கும் பங்கு உண்டு. நான் பார்க்கவே இரண்டு குடும்பங்கள் ஜாதகம் மாற்றிக்கொண்டன. திருவானைக்காவலில் பஸ் ஊரும்போது, "நெரிசல் தீரட்டும், அடுத்த பஸ்ஸில் வரேன்" என்று இறங்கிப் பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட்டுக்குப் போனவர்கள் உண்டு. அவர்களுடைய அடுத்த பஸ் ஒருநாளும் உடனே வந்ததில்லை.

சொந்தபந்தங்களின் போக்குவரத்தும் மாற்றுப்பாதையில்தான் ஓடியது. உறையூரிலிருந்து, "சும்மா பார்த்துட்டு சாயங்காலம் போயிடறேன்" என்று வந்தவர்கள் ராத் தங்கினார்கள். "இந்தப் பாடு பட்டு வந்ததே வந்தேன்" என்று மூன்று நாள் தங்கினார்கள். எதிர்த்திசையிலும் அதே நியாயம்தான். பிடிக்காத கல்யாணம், போக வேண்டாத காதுகுத்து, கடன் கேட்டுக் கூப்பிட்ட மைத்துனர் வீடு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "பாலம் மூடியிருக்கே." அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னால் டாக்டர் சீட்டு வேண்டும். பாலம் சரியில்லை என்பதற்கு ஊரே சாட்சி.

ஒரே காலையில் இரண்டு முகூர்த்தம் ஒப்புக்கொள்ளும் வாத்தியார்கள்தான் பாவம். ஸ்ரீரங்கத்தில் ஆறு மணிக்கு ஒன்று, கன்டோன்மென்ட்டில் ஏழரைக்கு ஒன்று என்றால் பழைய நாளில் நடுவில் காப்பிக்குக்கூட நேரம் இருக்கும். இப்போதோ, ஒரு வாத்தியாருக்கு அக்கரை மண்டபத்திலிருந்து போன் வந்தது.

"மாமா, எங்க இருக்கேள்?"

"கிட்ட வந்துட்டேன்."

"கிட்டன்னா எங்க?"

அவர் இருந்த இடம் ஓயாமாரி. மாலை மாற்றக் காத்திருக்கும் வீட்டாரிடம் அதைச் சொல்ல முடியுமா? "அண்ணா சிலைக்குக் கொஞ்சம் கிழக்கே" என்று சொல்லிச் சமாளித்தார். சாஸ்திரத்திலும் அவர் கைதேர்ந்தவர், சாதுரியத்திலும் கைதேர்ந்தவர்.

வீட்டுக்குச் சாப்பாடு வரவழைக்கிறவர்கள் வேறு விதமாகப் பாடம் படித்தார்கள். செல்போனில் வழி சொல்லும் அம்மணிக்கு ஆரம்பத்தில் பாலம் மூடிய செய்தி போய்ச் சேரவில்லை. "நேராகச் செல்லவும்" என்று தடுப்பு வரை அழைத்து வந்து, அங்கே நின்றதும், "நீங்கள் சேரும் இடம் இரண்டு நிமிடத்தில்" என்று ஆசை காட்டினாள். சிந்தாமணிக் கரையில் நின்ற பையன் கையில் மசால் தோசை. மாம்பழச்சாலைக் கரையில் பசியோடு வாடிக்கையாளர். கண்ணுக்குத் தெரிகிற தூரம். தோசை வீட்டுக்கு வந்தபோது, அதை அப்பளக் கணக்கில் சேர்ப்பதா வடாம் கணக்கில் சேர்ப்பதா என்று குழந்தைகள் சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு பல வீடுகளில் மாவு அரைக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

இத்தனைக்கும் நடுவில் மார்கழி வந்தது. 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி. அதிகாலையில் நம்பெருமாள் ரத்னாங்கியில் புறப்பட்டுப் பரமபத வாசலை, அதாவது சொர்க்கவாசலைக் கடக்கிற நாள். அன்றைக்கு ஸ்ரீரங்கத்துக்கு வருகிற கூட்டம் லட்சக்கணக்கில். அத்தனை பேரும் வர வேண்டிய பெரிய வாசல் மூடிக் கிடந்தது. ஊருக்குள் நுழையவே பெரும்பாடு பட்டு, வரிசையில் நின்று, தள்ளுமுள்ளில் சொர்க்கவாசலைத் தாண்டி வெளியே வந்த ஒரு பெரியவர், வேட்டியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "சொர்க்கத்துக்கு வழி ஆயிடுத்து. சத்திரத்துக்கு எப்படிப் போறது?"

பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் கையை நீட்டினார், சத்திரத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக.

"பாலத்துக்கு எப்ப திறப்பு?" என்று மாமியிடம் கேட்பது அந்த நாள்களில் தெருவின் வாடிக்கை. "எனக்கு ஆறு மாசம் ஆச்சு. அதுக்கும் ஆறு மாசம்தான்" என்றார் மாமி, சற்றும் அசராமல். அரசு வேலை சொன்ன காலத்தில் முடியும் என்று நம்பிய ஒரே ஆத்மா அவர்தான். 2023 மார்ச் முதல் வாரத்தில் பாலம் திறந்தது. கிட்டத்தட்ட ஆறு மாதம். மாமியிடம் இப்போது பங்குச் சந்தை பற்றியும் கேட்கிறார்கள்.

பாலம் மூடியபோது பழகிக்கொள்ள எங்களுக்கு ஒரு வாரம்தான் ஆனது. திறந்த பிறகு பழகுவதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில், இணைப்புகளின் அந்த 'டடக் டடக்' இல்லை. பாதி ஊர் அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் கலைந்து இறங்கத் தயாராகும். இப்போது வழுக்கிக்கொண்டு போகிற பஸ்ஸில் அண்ணா சிலையைத் தூங்கியே தாண்டி, மெயின்கார்டு கேட்டில் திடுக்கிட்டு விழித்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர்களின் கை பழக்கதோஷத்தில் திருவானைக்காவல் பக்கம் திரும்பியது. உள்ளே இருந்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கும் அதே தோஷம்.

அதைவிடப் பெரிய இழப்பு, காரணம் போய்விட்டது. ஆறு மாதமாகத் தாமதத்துக்கு வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வியர்த்த முகத்தோடு நுழைந்து "பாலம்…" என்று இழுத்தால், "உக்காருங்க, தண்ணி குடிங்க" என்பார்கள். இப்போது, "பாலம் திறந்துட்டாங்களே" என்கிறார்கள். மைத்துனரும் அதையேதான் சொல்கிறார். உறையூர்ச் சொந்தம் மட்டும் மூன்று நாள் தங்கும் வழக்கத்தை விடவில்லை. பாலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

மூடியிருந்த காலத்தில் பல நாள் அதிகாலை எழுந்து, ஏழரைக்கெல்லாம் பஸ் ஏறி, ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருந்தவர்கள் நாங்கள். பாலம் திறந்ததும் முழுசாக முக்கால் மணி நேரம் மிச்சம். அந்த முக்கால் மணியில் உடற்பயிற்சி, தியானம், இந்தி, வீணை என்றெல்லாம் திட்டம் போட்டோம். ஏப்ரலுக்குள் அது தூக்கத்துக்குப் போயிற்று. மே மாதத்தில் எல்லோரும் பழையபடி ஒன்பதே முக்காலுக்கு ஓடி வந்துகொண்டிருந்தோம். பழுது பாலத்தில் இருந்தது உண்மைதான். எங்கள் தாமதத்துக்கு மட்டும் அது பொறுப்பல்ல. அத்தனை வருடம் அந்தப் பழியையும் சேர்த்துத் தாங்கியதில்தான் பேரிங் தேய்ந்திருக்க வேண்டும்.

பிறகு பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாலத்துக்கும் வேலை தொடங்கினார்கள். அது இருக்கட்டும். மாலையில் காவிரிப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குடும்பத்தோடு காற்று வாங்கும் திருச்சிவாசிகளுக்கு ஒரு விண்ணப்பம். வண்டி போகத்தான் அது பாலம். நீங்கள் மசாலாப் பொரி சாப்பிட்டு முடிக்கும்வரை பின்னால் ஒண்ணாம் நம்பர் பஸ் நிற்கிறது, அதில் நான் நிற்கிறேன். ஏழு கோடி செலவழித்து மாற்றிய பேரிங் ஓடுகிற பாரத்துக்காகத்தான், நிற்கிற பாரத்துக்காக அல்ல என்று மாமியும் சொல்கிறார். தயவுசெய்து நிற்காமல் போங்கள். அம்மா மண்டபத்துப் படித்துறையிலும் அதே காவிரிதான், அதே காற்றுதான், அங்கேயும் இலவசம்தான்.